கண்ணு தெரியாதவங்க ஏடியோட படம் பாக்குறது எப்படி: ஆரம்பத்துல இருந்து முழு வழிகாட்டி

எங்க வீட்ல எல்லாரும் சேந்து படம் பாக்குறப்ப ஒண்ணு கண்டிப்பா நடக்கும். வசனமே இல்லாம ஒரு பத்து செகண்ட் வெறும் மியூசிக் ஓடும், திடீர்னு எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க, நான் "என்னாச்சு, என்னாச்சு"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன், அக்கா சிரிச்சு முடிச்சு மூச்சு வாங்கிட்டு "ஒண்ணுமில்லடா, அவன் கீழ விழுந்துட்டான்"னு சொல்லும். அதுக்குள்ள அடுத்த சீன்ல ரெண்டு வசனம் போயிருக்கும். சிரிப்பும் போச்சு வசனமும் போச்சு.

ஏடி, அதாவது திரைல நடக்குறத ஒரு குரல் சொல்ற வசதி, அத போட்டு மொத மொத பாத்த அன்னிக்கு, ஒருத்தன் உக்காரப் போற நாற்காலிய ஒரு குட்டிப் பையன் பின்னாடி இருந்து மெதுவா இழுக்குறான்னு இயர்போன்ல ஒரு குரல் சொல்லிச்சு, ரூம்ல யாரும் சிரிக்கிறதுக்கு முன்னாடியே நான் சிரிச்சுட்டேன். அக்கா பொண்ணு என் பக்கம் திரும்பி "மாமா, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"ன்னு கேட்டா. அந்தக் கேள்விய வாழ்க்கைல மொத தடவையா ஒருத்தர் என்கிட்ட கேட்டாங்க, எனக்கு இன்னைக்கும் அது காதுல இருக்கு.

அதனாலதான் இத எழுதுறேன். நம்ம தோழர்கள் நெறைய பேருக்கு ஏடின்னு ஒண்ணு இருக்குன்னே தெரியல, தெரிஞ்சவங்களுக்கும் எங்க போய் ஆன் பண்றதுன்னு தெரியல. மெதுவா, ஒண்ணு விடாம சொல்றேன்.

ஏடின்னா என்ன

ஆடியோ டிஸ்கிரிப்ஷன், சுருக்கமா ஏடி. படத்துல வசனத்துக்கு நடுவுல இருக்குற இடைவெளில ஒருத்தர் குரல் வந்து திரைல என்ன நடக்குதுன்னு சொல்லும். யார் உள்ள வர்றாங்க, எந்த எடம், முகத்துல என்ன தெரியுது, கைல என்ன இருக்கு, திரைல என்ன எழுத்து வருது, அவ்ளோதான். நல்ல ஏடி கதைய விளக்காது. "அவளுக்கு அவன் மேல சந்தேகம்"னு சொல்லாது, "அவ அவனோட சட்டைப் பைய பாக்குறா, ஒரு பஸ் டிக்கெட் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு"ன்னு சொல்லும். சந்தேகப்படுற வேலைய நம்மகிட்ட விட்டுடும். நல்ல ஏடிக்கும் மோசமான ஏடிக்கும் வித்தியாசம் இதுலதான் இருக்கு, ஒரு அஞ்சாறு படம் பாத்தீங்கன்னா உங்களுக்கே பிடிபடும்.

நாடு நாட்டுக்கு பேர் மாறும், தேடுறப்ப இது தெரிஞ்சிருக்கணும். இங்கிலாந்துல ஆடியோ டிஸ்கிரிப்ஷன், கனடால டிஸ்கிரைப்டு வீடியோ, அமெரிக்கால ரொம்ப நாளா வீடியோ டிஸ்கிரிப்ஷன்னும் சொல்லிட்டு இருந்தாங்க. எல்லாம் ஒண்ணுதான். 1981ல வாஷிங்டன்ல அரீனா ஸ்டேஜ்ங்குற நாடக அரங்குல மார்கரெட் ஃபான்ஸ்டீல், பின்னாடி அவங்க கணவரான கோடி ஃபான்ஸ்டீல் ரெண்டு பேரும் நாடகத்துக்கு இப்படி சொல்ல ஆரம்பிச்சாங்க, மார்கரெட்டுக்கே பார்வை இல்ல. 1990ல பாஸ்டன்ல இருக்குற டபிள்யூஜிபிஎச் நிலையம் அத டிவிக்குக் கொண்டு வந்துச்சு. நெட்ஃபிளிக்ஸுக்கு 2015 ஏப்ரல்லதான் வந்துச்சு, கண்ணு தெரியாத ஹீரோவ வச்சு டேர்டெவில்னு ஒரு சீரிஸ் விட்டாங்க, அதையே கண்ணு தெரியாதவங்க பாக்க முடியலன்னு ஜனங்க கேட்ட பிறகு அதுலதான் மொதல்ல ஏடி சேத்தாங்க.

நம்ம ஊர்ப் பெரியவங்களுக்கு இத விளக்குறப்ப நான் ரேடியோ ஒலிச்சித்திரத்த ஞாபகப்படுத்துவேன். ரேடியோல முழுப்படத்த ஒரு மணி நேரமா சுருக்கி ஓட விடுவாங்க, கல்யாண வீட்டு மைக்செட்ல கதை வசன ரெக்கார்டு போடுவாங்க, கண்ணு தெரியுறவங்க தெரியாதவங்க எல்லாரும் காதாலயே படம் பாத்த காலம். அப்ப படத்துல வசனமே கதைய இழுத்துட்டுப் போச்சு. இப்ப வர்ற படத்துல ஹீரோ நாலு நிமிஷம் பேசவே மாட்டேங்குறான், முறைக்கிறான், நடக்குறான், சிகரெட்ட அணைக்கிறான், அவ்ளோதான் சீன். அந்த நாலு நிமிஷத்துக்குத்தான் ஏடி வேணும்.

மொதல்ல உங்க போன பேச வைங்க

திரைல இருக்குறத வாசிச்சுச் சொல்ற ஸ்கிரீன் ரீடர் நல்லாத் தெரிஞ்சவங்க இந்தப் பகுதிய தாண்டிப் போலாம்.

ஆண்ட்ராய்டுல டாக்பேக். பெரும்பாலான போன்ல ரெண்டு வால்யூம் பட்டனையும் சேத்து மூணு செகண்ட் அமுக்கிப் பிடிச்சா ஆன் ஆகும். ஐபோன்ல வாய்ஸ்ஓவர், செட்டிங்ஸ்ல ஆக்சஸிபிலிட்டிக்குள்ள இருக்கு, அங்கயே ஷார்ட்கட்ல அத செட் பண்ணிட்டா சைடு பட்டன மூணு தடவ அமுக்குனா போதும். ரெண்டுலயும் ஒரு சைகை கண்டிப்பா கத்துக்கோங்க: ரெண்டு விரலால ரெண்டு தட்டு தட்டுனா படம் நிக்கும், திரும்பத் தட்டுனா ஓடும். பாஸ் பட்டன் எங்க இருக்குன்னு திரை முழுக்கத் தடவ வேண்டியதில்ல.

அடுத்து அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு செட்டிங். படம் ஓடுறப்ப கன்ட்ரோல் எல்லாம் ரெண்டு மூணு செகண்ட்ல மறைஞ்சு போயிடும், நாம விரல வச்சு "ஆடியோ அண்டு சப்டைட்டில்ஸ்" பட்டனத் தேடிக்கிட்டு இருக்கப்பவே அது காணாமப் போயிடும், இதுலயே வெறுத்துப் போய் விட்டவங்க நெறைய பேர். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸ்ல ஆக்சஸிபிலிட்டி போய் "டைம் டு டேக் ஆக்ஷன்"னு ஒண்ணு இருக்கும், அத 1 நிமிஷம் இல்லன்னா 2 நிமிஷம்னு வச்சிடுங்க. எல்லா ஆப்பும் இத மதிக்காது, மதிக்கிற ஆப்ல பட்டன் உங்களுக்காகக் காத்திருக்கும்.

இப்ப ஏடி சுவிட்ச். ஐபோன்ல செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, அதுக்குள்ள "ஆடியோ டிஸ்கிரிப்ஷன்ஸ்". ஆன் பண்ணிட்டா ஏடி இருக்குற படத்துல தானா அதையே எடுத்துக்கோன்னு போன் சொல்லிடும். ஆண்ட்ராய்டு 13ல இருந்து அங்கயும் ஆக்சஸிபிலிட்டிக்குள்ள இதே மாதிரி சுவிட்ச் இருக்கு. ஆனா இத ஆன் பண்ணிட்டோம், இனி எல்லாம் தானா நடக்கும்னு நம்பி உக்காராதீங்க. சில ஆப் கேக்கும், சில ஆப் கேக்காது, அதனால ஒவ்வொரு ஆப்லயும் கையால எப்படி மாத்துறதுன்னு தெரிஞ்சிருக்கணும்.

எந்த ஆப்ல எங்க இருக்கு

நெட்ஃபிளிக்ஸ்ல இருந்து ஆரம்பிங்க, என் கணக்குல புதுசா பழகுறவங்களுக்கு அதுதான் சுலபம். சர்ச்ல இங்கிலீஷ்ல "ஆடியோ டிஸ்கிரிப்ஷன்"னு டைப் பண்ணுங்க, ஏடி இருக்குற படங்க வரும். ஒண்ண ஓட விடுங்க, திரைய ஒரு தடவ தட்டி கன்ட்ரோல வரவைங்க (டாக்பேக்ல இருந்தா ரெண்டு தட்டு), "ஆடியோ அண்டு சப்டைட்டில்ஸ்" பட்டனுக்குப் போங்க, உள்ள மொழிப் பட்டியல் இருக்கும். அதுல "இங்கிலீஷ்"னு ஒண்ணு, "இங்கிலீஷ் ஆடியோ டிஸ்கிரிப்ஷன்"னு இன்னொண்ணு. ரெண்டாவத எடுங்க. பட்டியல் நீளமா இருந்தா பொறுமையா கடைசி வரைக்கும் போங்க, பாதில நிறுத்திட்டு ஏடி இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க, நானே அப்படி ஏமாந்திருக்கேன்.

பிரைம் வீடியோல படத்தோட விவரப் பக்கத்துலயே ஆடியோ மொழிகள்னு எழுதியிருக்கும், அங்க மொழிப் பேரோட ஆடியோ டிஸ்கிரிப்ஷன்னு சேத்துப் போட்டிருந்தா இருக்குன்னு அர்த்தம். ஓட விட்டுட்டு அதே மாதிரி ஆடியோ மெனுல மாத்திக்கோங்க. ஆப்பிள் டிவி சேவை 2019 நவம்பர்ல ஆரம்பிச்சப்பவே அவங்க சொந்தமா எடுக்குற படம், சீரிஸுக்கு ஏடியோடதான் வந்தாங்க, அதனால அங்க தேடி அலைய வேண்டியதில்ல. யூடியூப்லயும் சில வீடியோக்கு செட்டிங்ஸ்ல ஆடியோ டிராக் மாத்துற எடத்துல "டிஸ்கிரிப்டிவ்"னு ஒண்ணு இருக்கும். இது தவிர யூடிஸ்கிரைப்னு ஒரு தளம் இருக்கு, அமெரிக்கால ஸ்மித் கெட்டில்வெல் கண் ஆராய்ச்சி நிறுவனம் நடத்துறது, தன்னார்வலருங்க யூடியூப் வீடியோவுக்கு அவங்க குரல்லயே விவரிச்சு வச்சிருப்பாங்க. சின்னச் சின்ன வீடியோ பாத்துப் பழக நல்ல எடம்.

எந்தப் படத்துல ஏடி இருக்குன்னு மொத்தமா ஒரே எடத்துல பாக்கணும்னா அமெரிக்கன் கவுன்சில் ஆஃப் தி பிளைண்ட் அமைப்போட "ஆடியோ டிஸ்கிரிப்ஷன் பிராஜெக்ட்" தளத்துக்குப் போங்க. எந்தச் சேவைல எந்தப் படம்னு பட்டியல் வச்சிருக்காங்க, ஸ்கிரீன் ரீடரோட நல்லா வேல செய்யும். அமெரிக்கக் கணக்குல இருக்குற பட்டியல்ங்குறதால நம்ம ஊர்ல சில படம் கிடைக்காது, மத்தபடி தங்கம்.

டவுன்லோட் பண்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஊருக்குப் போறப்ப ரயில்ல பாக்கலாம்னு இறக்கி வச்சிட்டு, வண்டி கிளம்புனப்புறம் பாத்தா ஏடி டிராக் மட்டும் இறங்கியிருக்காது. ஏடிய ஆன் பண்ணி ஒரு நிமிஷம் படத்த ஓட விட்டுட்டு அப்புறம் டவுன்லோட் போடுங்க, மொழி கேட்டா ஏடிய எடுங்க, முடிஞ்சதும் ஏரோபிளேன் மோடு போட்டு ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் பெட்டியக் கட்டுங்க.

இங்கிலீஷ் வேகமாப் போகுதே, என்ன பண்றது

இத என்கிட்ட நெறைய பேர் கேட்டிருக்காங்க. ஏடி இன்னைக்கு அதிகமா இருக்குறது இங்கிலீஷ்ல, கொஞ்சம் இந்தில, தமிழ்ல ரொம்பக் கம்மி. தமிழ் மீடியத்துல படிச்சு வந்த நமக்கு அந்தக் குரல் கடகடன்னு ஓடுற மாதிரி இருக்கும், வெக்கப்பட ஒண்ணுமில்ல.

நான் பண்ணுனது இதுதான். ஏற்கனவே கதை நல்லாத் தெரிஞ்ச படமா எடுத்தேன், தமிழ் டப்பிங்ல பல தடவ கேட்டு வசனமே மனப்பாடமா இருந்த ஒரு இங்கிலீஷ் அனிமேஷன் படம். அத ஏடியோட போட்டேன். வசனம் புரியுதான்னு கவலப்பட வேண்டியதில்லாததால காது முழுக்க ஏடி குரல் மேலயே நின்னுச்சு. நெட்ஃபிளிக்ஸ்ல வேகத்த 0.75க்குக் குறைக்கலாம், அப்படி வச்சு மொத வாரம் கேளுங்க. ஏடில வர்ற வார்த்தைங்க திரும்பத் திரும்ப அதேதான் வரும்: முறைக்கிறது, தலையாட்டுறது, தோளக் குலுக்குறது, பெருமூச்சு, எட்டிப் பாக்குறது. ஒரு இருபது முப்பது வினைச்சொல் பழகிட்டா பாதி வேல முடிஞ்சிடும். என் இங்கிலீஷ்ல பாதி ஏடி கத்துக் குடுத்ததுதான்.

அனிமேஷனும் குழந்தைங்க படமும் ஆரம்பத்துக்கு நல்லது, வாக்கியம் சின்னதா இருக்கும். சண்டைப் படத்துல போய் மொத மொத விழாதீங்க, ஒரே நேரத்துல குண்டு சத்தம், மியூசிக், ஏடி எல்லாம் மோதும், தல வலிதான் மிச்சம்.

டிவில பாக்குறவங்க இத கவனிங்க

இதுல பெரிய குழப்பம் ஒண்ணு இருக்கு, நானே ஒரு முழு சாயங்காலம் இதுல வீணாக்கியிருக்கேன். ஸ்மார்ட் டிவி செட்டிங்ஸ்ல ஆக்சஸிபிலிட்டிக்குள்ள "ஆடியோ டிஸ்கிரிப்ஷன்"னு போட்டிருக்கும். அத ஆன் பண்ணிட்டு நெட்ஃபிளிக்ஸ்ல ஏடி வரலையேன்னு உக்காந்திருப்போம். அந்த சுவிட்ச் ஆன்டெனா மூலமா நேரா டிவிக்கு வர்ற சேனலுக்கான சுவிட்ச். சேனல்காரங்க ஏடி டிராக்க சேத்து அனுப்புனாத்தான் அது வேல செய்யும், இங்கிலாந்து மாதிரி நாட்டுல அப்படி அனுப்புறாங்க. நம்ம ஊர்ல செட்டாப் பாக்ஸ்ல இருந்து எச்டிஎம்ஐ ஒயர்ல வர்ற சேனலுக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல. ஓடிடி ஆப்ல பாக்குறீங்கன்னா ஏடிய அந்த ஆப்புக்குள்ளதான் ஆன் பண்ணணும்.

டிவிய பேச வைக்கிறது வேற விஷயம், அதுக்குப் பேர் ஒவ்வொரு கம்பெனிலயும் ஒண்ணு. சாம்சங்ல வாய்ஸ் கைடு, ரிமோட்ல வால்யூம் பட்டன அமுக்கிப் பிடிச்சா ஆக்சஸிபிலிட்டி மெனு வரும். ஃபயர் டிவி ஸ்டிக்ல வாய்ஸ்வியூ, பேக் பட்டனையும் மூணு கோடு போட்ட மெனு பட்டனையும் சேத்து ரெண்டு செகண்ட் பிடிங்க. ஆண்ட்ராய்டு டிவில டாக்பேக்கே இருக்கு. ரிமோட்ல அந்த பட்டன் எங்கன்னு தெரியலன்னா ஒரே ஒரு தடவ வீட்ல யாரையாவது கேட்டு, அதுமேல தடவுனா தெரியுற மாதிரி ஒரு சின்ன மேடு வச்சிக்கோங்க. நான் பொட்டு ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கேன், மூணு வருஷமா விழல.

வீட்ல எல்லாரும் தமிழ்ல பாக்க, நீங்க ஏடில பாக்க

ஏடி ஸ்பீக்கர்ல ஓடுனா எங்க அம்மாவுக்குப் பிடிக்காது, "யாருடா இது கூடவே பேசிக்கிட்டு"ம்பாங்க. தமிழ் டப்பிங் வேணும்னு அவங்க கேக்குறதும் நியாயம்தான. அதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி ரெண்டு டிவைஸ்.

டிவில தமிழ் டிராக். என் போன்ல அதே படம், அதே கணக்கு, ஏடி டிராக், ஒரு காதுல மட்டும் இயர்போன். உங்க பிளான்ல ஒரே நேரத்துல ரெண்டு திரை அனுமதி இருக்கணும், நெட்ஃபிளிக்ஸ்ல ஸ்டாண்டர்டு பிளான்ல ரெண்டு, பிரீமியம்ல நாலு. ரெண்டையும் ஆரம்பத்துலயே பாஸ் பண்ணி வச்சிட்டு, அக்கா பொண்ணு "ஒண்ணு ரெண்டு மூணு"ன்னு சொல்ல, அவ ரிமோட்ட அமுக்குவா நான் ரெண்டு விரலால தட்டுவேன். கம்பெனி லோகோ மியூசிக் ரெண்டு காதுலயும் ஒண்ணா விழுதான்னு கேளுங்க, அதுதான் பரிசோதனை. போன் முன்னாடி ஓடுதுன்னா ஒரு சின்ன பாஸ் போட்டு விடுங்க, பின்னாடி இருந்தா டிவிய நிறுத்தச் சொல்லுங்க. போன் அரை செகண்ட் முன்னாடி இருந்தா ஒண்ணும் மோசமில்ல, சொல்லப்போனா அதுதான் நல்லது. நடுவுல யாராவது தண்ணி குடிக்க எந்திரிச்சு டிவிய நிறுத்துனா நீங்களும் நிறுத்தணும், அத மட்டும் முன்னாடியே பேசி வச்சிக்கோங்க.

போன் திரை வெளிச்சம் பக்கத்துல இருக்கவங்களுக்கு இடஞ்சலா இருந்தா, ஐபோன்ல மூணு விரலால மூணு தட்டு தட்டுங்க, ஸ்கிரீன் கர்டன் விழுந்து திரை கருப்பாயிடும். டாக்பேக்லயும் திரைய மறைக்கிற வசதி அதோட மெனுல இருக்கு. பேட்டரியும் மிச்சமாகும்.

தியேட்டர்

வெளிநாட்டுல, குறிப்பா இங்கிலாந்து அமெரிக்கால, டிக்கெட் கவுன்டர்ல கேட்டா ஏடிக்கு ஹெட்செட் குடுப்பாங்க. நம்ம நாட்டுல அதிகமா போன் ஆப் வழியாத்தான் வருது, எக்ஸ்எல் சினிமா, கிரேட்டா ரெண்டும் அப்படிப்பட்ட ஆப். வேல செய்யுற விதம் அருமையானது. படத்தோட ஏடிய மட்டும் தனி ஃபைலா முன்னாடியே போன்ல இறக்கிக்குவோம், தியேட்டர்ல படம் ஓடுறப்ப போன் மைக் அந்தச் சத்தத்தக் கேட்டு, படம் இப்ப எந்த எடத்துல ஓடுதுன்னு கண்டுபிடிச்சு, சரியா அந்த எடத்துல இருந்து ஏடிய நம்ம காதுல ஓட்டும். தியேட்டர்காரங்க ஒரு ஒயர்கூட மாட்ட வேண்டியதில்ல.

போறதுக்கு முந்தின நாள் ராத்திரி ஆப்ப திறந்து, நீங்க பாக்கப்போற படம், நீங்க பாக்கப்போற மொழி ரெண்டும் இருக்கான்னு பாத்து ஃபைல இறக்குங்க. தியேட்டருக்குள்ள சிக்னல் கிடைக்காது, அங்க போய் இறக்கிக்கலாம்னு நினைக்காதீங்க. மைக் பர்மிஷன் குடுத்திருக்கீங்களான்னு பாருங்க. போன முழு சார்ஜ் பண்ணுங்க, டூ நாட் டிஸ்டர்ப் போடுங்க, இல்லன்னா கிளைமாக்ஸ்ல மளிகைக் கடைக்காரரோட மெசேஜ டாக்பேக் உங்க காதுல வாசிக்கும்.

இயர்போன் விஷயத்துல என் அனுபவம் சொல்றேன். புளூடூத் இயர்போன் போட்டா சில போன்ல மைக்கும் இயர்போனோடதுக்கு மாறிடும், நம்ம தலமுடி, துப்பட்டா, சட்டைக் காலர்னு ஏதாவது உரசி சத்தம் சரியாப் போகாது. அதனால நான் சாதா ஒயர் இயர்போன், அதுவும் மைக் இல்லாதது, ஒரு காதுல மட்டும் மாட்டிக்குவேன். போன பாக்கெட்டுக்குள்ள வைக்காம மடில திரை கீழ பாத்த மாதிரி வச்சிக்குவேன். இன்டர்வெல் முடிஞ்சு படம் திரும்ப ஆரம்பிச்சதும் ஏடி சரியான எடத்துல இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஆப்ல திரும்ப சிங்க் பட்டன அமுக்குங்க, கொஞ்ச நேரத்துல பிடிச்சிக்கும். விளம்பரம் ஓடுறப்ப அமுக்காதீங்க, படம் ஆரம்பிச்சப்புறம்தான்.

இன்னொண்ணு, இது மனசுக்குக் கஷ்டமா இருந்த விஷயம். ஒரு தியேட்டர்ல நான் போன மடில வச்சிருந்தத பாத்து ஊழியர் ஒருத்தர் டார்ச் அடிச்சிக்கிட்டே வந்து படத்த ரெக்கார்டு பண்றேன்னு நெனச்சு வெளிய வரச் சொல்லிட்டாரு. இயர்போன அவர் காதுல வச்சுக் காமிச்ச பிறகுதான் நம்புனாரு, அதுக்குள்ள கால் மணி நேரப் படம் போச்சு. அதுல இருந்து டிக்கெட் கிழிக்கிற எடத்துலயே நின்னு, "நான் பார்வை மாற்றுத்திறனாளி, ஏடி ஆப் யூஸ் பண்ணுவேன், உள்ள இருக்குற ஆளுக்கும் சொல்லிடுங்கண்ணே"ன்னு சொல்லிட்டுத்தான் போறேன். நீங்களும் அத செஞ்சிடுங்க. பெரும்பாலும் நல்ல மாதிரிதான் நடந்துக்குறாங்க, சீட் வரைக்கும் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சவங்களும் உண்டு.

ஏடியே இல்லாத தமிழ்ப் படத்துக்கு

நமக்கு நாள் பூரா பிரச்சினை இதுதான். இங்க ரெண்டு வழி சொல்றேன்.

மொத வழி மனுஷங்க. பக்கத்துல உக்காந்து சொல்றவங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு நாமதான் பழக்கணும். அக்காவுக்கு நான் சொல்லிக் குடுத்தது இவ்ளோதான்: வசனம் ஓடுறப்ப பேசாத. எடம், ஆளு, செயல்ங்குற வரிசைல சொல்லு. "அய்யய்யோ பாவம்"னு சொல்லாத, என்ன பாத்து அப்படித் தோணுச்சோ அதச் சொல்லு. இப்ப அக்கா சொல்றது இப்படி இருக்கும்: "ஆஸ்பத்திரி வராண்டா. அம்மா பெஞ்சுல. கைல டிபன் கேரியர், திறக்கவே இல்ல." மூணே வாக்கியம். எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு, அக்காவுக்கும்தான். முந்தி மாதிரி "அம்மா சோகமா உக்காந்திருக்கு"ன்னு சொல்லியிருந்தா அந்த டிபன் கேரியர் எனக்குக் கிடைச்சிருக்காது. படத்துக்கு முன்னாடி விக்கிபீடியால கதைச் சுருக்கத்துல பாதிய மட்டும் வாசிச்சு, நடிகர் யார் எந்தப் பாத்திரம்னு தெரிஞ்சு வச்சிக்கிட்டா குரல வச்சே ஆள அடையாளம் பிடிக்கலாம், சொல்றவங்களுக்கும் வேல குறையும்.

ரெண்டாவது ஏஐ. பி மை ஐஸ், சீயிங் ஏஐ மாதிரி ஆப்ல ஒரு படம் எடுத்துக் குடுத்தா அதுல என்ன இருக்குன்னு விவரமாச் சொல்லும். ஓடிடி ஆப்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்தா கருப்பாத்தான் வரும், காப்பிரைட் பாதுகாப்பு அப்படி. அதனால டிவியவோ லேப்டாப்பையோ பாஸ் பண்ணிட்டு போன் கேமராவால திரைய போட்டோ எடுங்க, ரெண்டு மூணடி தள்ளி, ரூம் லைட்ட அணைச்சிட்டு. ஒரு நின்ன காட்சிய நல்லா சொல்லும், ஆனா பாஸ் பண்ணுன அந்த ஒரு நொடிதான் அதுக்குத் தெரியும், முன்னாடி என்ன நடந்துச்சுன்னு தெரியாது, சில நேரம் இல்லாதத இருக்குன்னும் சொல்லிடும். சண்ட முடிஞ்சு யார் கீழ கெடக்கான்னு தெரிஞ்சிக்கவும் திரைல வந்த லெட்டர்ல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சிக்கவும் போதும். முழுப்படத்தையும் இப்படிப் பாக்க முயற்சி பண்ணாதீங்க, படத்த விட நிறுத்துறதே அதிகமாயிடும்.

கேட்டு வாங்குறது எப்படி

இது சலுகை கேக்குற விஷயமே கிடையாது. 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 42ஆவது பிரிவுல ஆடியோ டிஸ்கிரிப்ஷன்ங்குற வார்த்தையே இருக்கு, மின்னணு ஊடகங்கள்ல அத ஏற்பாடு பண்ண அரசு நடவடிக்கை எடுக்கணும்னு. 2023 ஜனவரில டெல்லி ஹைகோர்ட் ஒரு பெரிய இந்திப் படத்தோட ஓடிடி வெளியீட்டுக்கு ஏடி தயார் பண்ணச் சொல்லி உத்தரவு போட்டுச்சு, வழக்குப் போட்டவங்க நம்மள மாதிரி மாற்றுத்திறனாளிங்கதான். 2024 மார்ச் 15ல ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தியேட்டர் படங்களுக்கு அணுகல் வழிகாட்டுதல்கள வெளியிட்டுச்சு. ஒண்ணுக்கு மேல மொழில சென்சார் சான்றிதழ் வாங்குற படத்துக்கு, வழிகாட்டுதல் நடைமுறைக்கு வந்து ஆறு மாசத்துக்குள்ள ஏடி வந்தாகணும்னும், 2025 ஜனவரி 1ல இருந்து தேசிய விருதுக்கும் கோவா திரைப்பட விழாவுக்கும் அனுப்புற படத்துல ஏடி கட்டாயம்னும் அதுல இருக்கு. அஞ்சு மொழில ஒண்ணா ரிலீஸ் ஆகுற தமிழ்ப் படம் எல்லாமே இதுக்குள்ள வந்துடும்.

அதனால புதுப்படம் வர்றப்ப தயாரிப்பு நிறுவனத்தோட சோசியல் மீடியா பக்கத்துல, ஓடிடி ஆப்போட ஹெல்ப் சாட்ல, தியேட்டர்காரங்ககிட்ட, மூணு எடத்துலயும் கேளுங்க. பதில் வரலன்னா மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம், அதுக்கு வக்கீல் எல்லாம் வேண்டாம். படத்துப் பேர், பாத்த தேதி, தியேட்டர் இல்லன்னா ஆப் பேர், அவங்ககிட்ட எப்ப கேட்டீங்க என்ன சொன்னாங்கன்னு நாலு வரி, அந்த சாட்டோட காப்பி, உங்க அடையாள அட்டை நகல்.

எழுத நேரமில்லாதவங்களுக்காக நான் அனுப்புறத அப்படியே கீழ போடுறேன், படத்துப் பேர மட்டும் மாத்திக்கோங்க:

"வணக்கம். நான் பார்வை மாற்றுத்திறனாளி. உங்கள் படத்தைக் காசு கொடுத்துப் பார்க்க விரும்புகிறேன். இந்தப் படத்துக்குத் தமிழில் ஆடியோ டிஸ்கிரிப்ஷன் இருக்கிறதா? இருந்தால் எந்த ஆப்பில், எந்த நாளிலிருந்து கிடைக்கும்? இல்லையென்றால் எப்போது சேர்ப்பீர்கள் என்று தெரிவியுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 42ஐ நினைவூட்டுகிறேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்."